காற்று ஏன் கூரையைத் தூக்குகிறது?

பனி பெய்யும் நாடுகளில் கூரைக்கு ஆபத்து மேலிருந்து அழுத்தும் பாரம். நம் நாஞ்சில் நாட்டில் அது நேர் எதிர். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தை உலுக்கியபோது ஓடுகளும் தகரங்களும் பறந்தன. கீழே தள்ள வேண்டிய காற்று, மேலே தூக்கியது எப்படி?

கூரையைத் தாண்டி ஓடும் காற்று வேகம் எடுக்கிறது. வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். வீட்டுக்குள் காற்று அசையாமல் இருப்பதால் அதன் அழுத்தம் அப்படியே நின்று கூரையை மேல்நோக்கித் தள்ளுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றின் விசை சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு! தகரமோ சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில்தான் இருக்கும். கனமான ஓடுகூட ஓரங்களில் தாங்காது. முகட்டிலும் இறவாரத்திலும் மூலைகளிலும்தான் உறிஞ்சல் மிகக் கடுமை.

காற்றடிக்கும் பக்கத்து ஜன்னல் திறந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம். உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தள்ளும்.

ஆகவே எடையை நம்பாதீர்கள், பிடிப்பை நம்புங்கள். தகரத்தின் மேல் கல் அடுக்குவது தீர்வல்ல. அந்தக் கல்லே பறந்து ஆளை அடிக்கும். தகரத்தைச் சட்டத்தோடும், சட்டத்தைச் சுவரோடும் கொக்கி ஆணியால் இறுக்க வேண்டும். ஓரத்து ஓடுகளைக் கம்பியால் கட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே ஒருமுறை ஏணி வைத்துப் பாருங்கள்.