காய்ச்சினாலும் போகாத விஷம்

நம் வீட்டுப் பெண்களிடம் எந்த உபாதையைச் சொன்னாலும் முதலில் வரும் யோசனை, "தண்ணீரைக் காய்ச்சிக் குடி" என்பதுதான். நானும் கல்கத்தாவுக்கு வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் அதையே சொல்லி வந்தவள். ஒருவருக்கு மட்டும் அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

1997-இல் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தோம். பாத்திரம் தேய்க்க வந்த அம்மாளை வங்காள வழக்கப்படி 'மாஷி' என்போம். அவருக்கு நான் 'பௌதி', அதாவது அண்ணி. பாருய்ப்பூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடியற்கால லோக்கலில் வந்து டாகுரியாவில் இறங்கி நடந்து வருவார். அவர் உள்ளங்கையெல்லாம் காய்ப்புக் காய்ப்பாகத் தடித்திருந்தது. கழுத்திலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போலக் கறுப்புப் புள்ளிகள். சோப்புத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று தேங்காயெண்ணெய் கொடுத்தேன். ஊரில் தொழுநோய் என்று பேச்சுக் கிளம்பி, மகளுக்கு வந்த வரன் தட்டிப்போனதை அவர் பிறகுதான் சொன்னார். "தண்ணீர்க் கோளாறாக இருக்கும், காய்ச்சிக் குடி" என்றேன்.

மாடி வீட்டுப் பையன் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தான். கையைப் பார்த்ததும், "ஆன்ட்டி, காய்ச்சச் சொல்லாதீங்க. இது ஆர்செனிக்கா இருந்தா, தண்ணி வத்த வத்த அதோட அளவு கூடத்தான் செய்யும்" என்றான். ஆர்செனிக் என்றால் வேறொன்றுமில்லை, நம் பாட்டிமார் சொல்லிப் பயமுறுத்தும் வெள்ளைப் பாஷாணத்தில் இருப்பதுதான்.

அவன் சொல்லித்தான் விவரம் தெரிந்தது. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா 1983-லேயே இத்தகைய நோயாளிகளை அடையாளம் கண்டிருந்தார். 1988 முதல் ஜாதவ்பூர் சுற்றுச்சூழல் ஆய்வுத் துறையில் தீபங்கர் சக்ரவர்த்தியும் அவருடைய மாணவர்களும் கிராமம் கிராமமாகச் சென்று அடிபம்புத் தண்ணீரைச் சேகரித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கூடவே தலைமுடி, நகம், சிறுநீர் எல்லாம். உடம்பில் ஏறிய ஆர்செனிக் நகத்திலும் முடியிலும் தங்கிவிடுமாம்.

இதில் எந்தத் தொழிற்சாலையின் கழிவும் காரணமில்லை. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில், இரும்போடு ஒட்டிக்கொண்டு ஆர்செனிக் கிடக்கிறது. காற்றுப் புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரைக்கும்போது அதுவும் தண்ணீரில் கலந்துவிடுகிறது. குளத்துத் தண்ணீரால் காலராவும் வயிற்றுப்போக்கும் வருகிறதென்றுதானே ஊரெங்கும் அடிபம்பு போட்டார்கள்! நல்லதுக்குச் செய்ததே இப்படி ஆயிற்று.

மாஷி ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். பையன் துறையில் கொண்டுபோய்க் கொடுத்தான். அப்போது நம் நாட்டில் அனுமதித்த அளவு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். (உலக சுகாதார நிறுவனம் 1993-லேயே 10 என்று குறைத்துவிட்டது.) மாஷி வீட்டுப் பம்பில் 50-ஐப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. பளிங்கு மாதிரித் தெளிந்த தண்ணீர். ருசியிலும் ஒரு வித்தியாசமில்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துப் பம்பிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. அதில் குறையே இல்லை! இரண்டுக்கும் நடுவே நூறடி தூரம்கூட இராது. பக்கத்துப் பம்பு நன்றாக இருப்பதால் நம்முடையதும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் சோதித்தாக வேண்டும். ஜாதவ்பூர்க் குழு இருபது ஆண்டுகளில் மேற்கு வங்கத்தில் மட்டும் 1,40,150 மாதிரிகளைச் சோதித்தது அதனால்தான். அவற்றில் ஏறக்குறையப் பாதியில் ஆர்செனிக் 10-க்கு மேல் இருந்தது.

கண்டுபிடித்தால் மட்டும் ஆயிற்றா? ஷிப்பூரில் அன்று வங்காளப் பொறியியல் கல்லூரியாக இருந்த நிறுவனமும், அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்து அரூப் சென்குப்தாவும் சேர்ந்து 1997 முதல் அடிபம்பின் தலைமாட்டிலேயே வடிகட்டும் கலங்களைப் பொருத்தினார்கள். உள்ளே அலுமினா மணிகள். ஊர்க் கமிட்டியே மாதச் சந்தா வசூலித்துப் பராமரிக்கும். அந்த ஏற்பாடுதான் முக்கியம் என்பேன். ஏனென்றால் மாஷியின் பாருய்ப்பூர் வட்டாரத்திலேயே நட்டிருந்த 19 சுத்திகரிப்புக் கருவிகளை ஜாதவ்பூர்க் குழு ஆராய்ந்து, நம்பும்படி வேலை செய்யவில்லை என்று 2005-இல் எழுதியது. வெறுமனே நட்டுவிட்டுப் போனால் இரும்புச் சாமான்தான் மிஞ்சும்.

மாஷிக்குத் தனி மருந்து எதுவும் இல்லை. நல்ல தண்ணீர், சத்தான சாப்பாடு, அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் புள்ளிகள் கொஞ்சம் மங்கின. உள்ளங்கைத் தடிப்பு போகவில்லை. ஆனால் இது ஒட்டுவாரொட்டி அல்ல என்று எழுதி வாங்கிய காகிதத்தை அவர் ஊரில் காட்டாத வீடில்லை. மகளுக்கு 1999-இல் கல்யாணம் நடந்தது; நாங்களும் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்து தம்ளரைக் கையில் எடுத்தேன். நான் வாய் திறக்குமுன்பே மாஷி குனிந்து, "பள்ளிக்கூடத்துப் பம்பு, பௌதி" என்றார்.