லிண்டனும் நம் சடச்சியும்

மேல்நாட்டுக் கதைகளைப் படித்த அன்பர்களுக்கு லிண்டன் மரம் புதியதன்று. பெர்லின் நகரத்துப் பெருவீதி ஒன்று இருமருங்கும் நிற்கும் இம்மரத்தாலேயே பெயர் பெற்றது. செடிகொடிகளுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயசின் குடும்பப் பெயரும் இதிலிருந்து வந்ததுதான். இதைக் கல்வராயன் மலையிலே வைத்து வளர்க்கலாகாதா என்று சிலருக்குத் தோன்றக்கூடும். அது வீண் முயற்சி என்பேன். லிண்டன் விதை உறக்கம் தெளிய மாதக்கணக்கான குளிர் வேண்டும். வெள்ளிமலையின் மார்கழிக் குளிர் நம்மை நடுக்கலாம். லிண்டனுக்கு அது ஒரு பொருட்டன்று.

அதன் உறவு ஒன்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் இலையுதிர் காடுகளில் தானே வளர்ந்திருக்க, நாம் ஏன் கடல் கடந்து தேடவேண்டும்? சடச்சி என்னும் மரமே அது. நூலோர் அதற்கு இட்ட பெயர் கிரூவியா டிலியிஃபோலியா. 'லிண்டன் இலை கொண்டது' என்பது பின்சொல்லின் பொருள். விளிம்பில் பல், அடியில் ஒருபுறம் சரிந்த அமைப்பு, இவ்விரண்டும் இலையிலே தெரியும். சிறு மஞ்சட்பூவும், பட்டாணி அளவில் கறுத்துப் பழுக்கும் புளிப்புக் கனியும் உண்டு. பட்டையில் நார் உரியும்.

வளர்க்கும் முறையைச் சொல்கிறேன். கனிந்த பழங்களைப் பிசைந்து சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்துக. ஓடு கடினமானது, ஒருநாள் நீரில் ஊறவிட்டு நாற்றங்காலில் இடுக. எல்லாம் ஒருசேர முளையா. ஆகவே பொறுமை இழந்து பாத்தியைக் கொத்திவிடல் கூடாது. ஓராண்டுக் கன்றை, மழை பிடித்தபின், ஒன்றரை அடிக் குழியில் தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நடுக. வெயில் நன்றாக விழும் இடமாக, நீர் தேங்காத சரிவாக இருத்தல் வேண்டும். கோமுகி ஆற்றங்கரைத் தாழ்நிலத்திலும் மேடான வரப்பே ஏற்றது.

நட்டபின்தான் உண்மையான வேலை. முதற் கோடையில் இலை முழுவதும் உதிரும். கன்று பட்டுப்போயிற்று என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்! நகத்தால் பட்டையைச் சிறிது கீறிப் பாருங்கள். உள்ளே பசுமை இருந்தால் உயிர் இருக்கிறது. வாரம் ஒருமுறை நீர் வார்த்து, அடியில் சருகு மூடினால் போதும். ஆடுமாடுகளுக்கு இதன் தழை மிகவும் விருப்பம். முள்வேலி இன்றிக் கன்று தப்பாது. மலைச்சரிவில் காய்ந்த புல்லிலே தீ பரவும் காலம் மாசி, பங்குனி. அதற்குமுன் கன்றைச் சுற்றி மூன்றடி அகலம் புல் செதுக்கி, அடியிலிட்ட சருகையும் நீக்கிவிடவேண்டும். இந்தக் காவலைப் பலரும் மறந்துவிடுகின்றனர். உரம் இடுவதைவிட இதுவே முதன்மையானது.

கோடரிக் காம்புக்கும் வண்டி ஏர்க்காலுக்கும் சடச்சிக்கு இணையான மரம் சிலவே. வளையும், எளிதில் முறியாது. சொந்த நிலத்து மரத்தை வெட்ட நேர்ந்தால் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, மழைநீர் வழியுமாறு சாய்வாக வெட்டுக. அடிக்கட்டை பல துளிர்களை விடும். நேரிய இரண்டை நிறுத்தி, மற்றவற்றை ஆட்டுக்குத் தழையாகக் கொடுத்துவிடலாம்.