ருசிப்பவனும் வாசிப்பவனும்

பீருக்கென்று பத்திரிகைகள் உண்டு என்றதும் நண்பர் சிரித்தார். "குடிக்கிறத விட்டுட்டு எவனாவது படிச்சிக்கிட்டு இருப்பானா?" என்றார். இருக்கிறான். படிப்பதோடு நில்லாமல் அந்தப் பத்திரிகையோடு சண்டையும் போடுகிறான். அந்தச் சண்டை எதைப் பற்றியது என்பதே என் அக்கறை.

1971இல் இங்கிலாந்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் 'காம்ரா' இயக்கத்தைத் தொடங்கினார்கள். அப்போது அந்நாட்டு பீர்ச் சந்தையை ஆறு பெரிய நிறுவனங்கள் கைக்குள் வைத்திருந்தன. பீரை வடிகட்டி, சூடாக்கி, ஈஸ்டைக் கொன்று, கரியமில வாயுவை ஏற்றி அனுப்பின. ஊருக்கு ஊர் வேறாயிருந்த ருசி ஒன்றாகிக்கொண்டிருந்தது. பீப்பாய்க்குள்ளேயே நொதித்துப் பக்குவமாகிற, உயிருள்ள 'ஏல்' வேண்டும் என்பது இயக்கத்தின் கோரிக்கை. 1972இல் அதன் இதழ் 'வாட்ஸ் புரூயிங்' வந்தது. 1974இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் வாட்னி நிறுவனத்தைப் பற்றி எழுதியிருந்தது அவ்வளவு கடுமை. அச்சுக்கூடத்திலேயே பயந்துபோய் மென்மைப்படுத்த வேண்டியதாயிற்று. இங்கே வாசகன் இயக்கத்தின் உறுப்பினன். இதழ் தன் பக்கம் நிற்கிறதா என்பதொன்றே அவன் கேள்வி.

அமெரிக்காவில் கதை வேறு. 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் வைன் தயாரிக்க அனுமதி கிடைத்தது, பீர் விடுபட்டுப்போயிற்று. அந்தத் தடையை நீக்கும் சட்டத்தில் 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். அந்த டிசம்பரிலேயே சார்லி பபாசியனும் சார்லி மாட்சனும் கொலராடோவின் போல்டர் நகரிலிருந்து 'சைமர்ஜி'யைக் கொண்டுவந்தார்கள். நொதித்தலின் அறிவியல் என்று பொருள். இதன் வாசகன் தானே பீர் காய்ச்சுகிறவன். இதழில் தப்பாக எழுதினால் அவன் வீட்டு அடுப்படியில் குட்டு வெளிப்பட்டுவிடும். விமர்சகர்களாகிய நமக்கு வாய்க்காத வாசகன்!

மூன்றாவது வகை 1979இல் வந்த 'ஆல் அபௌட் பீர்'. இயக்கமும் இல்லை, அடுப்படியும் இல்லை, ருசிப்பவனுக்கான இதழ். இதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. 1977இல் மைக்கேல் ஜாக்சன் (பாடகரல்ல, யார்க்ஷயர்க்காரர்) உலக பீர்களை வகை பிரித்து ஒரு நூல் எழுதினார். பெல்ஜியத்து பீர்களை வெளியுலகம் கவனித்ததில் அவர் எழுத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பெயர் வைத்த பிறகுதான் பொருள் கண்ணுக்குத் தெரிகிறது. மொழி செய்கிற வேலை அது.

ஆனால் அதே மொழி விளம்பரத்துக்கும் கூலி வேலை செய்யும். ரசிகர்களின் பழைய புகார் இதுதான்: எதிர்ப்பக்கத்தில் அதே ஆலையின் முழுப்பக்க விளம்பரம் இருக்கும்போது, மதிப்புரையில் "இந்த பீர் மட்டம்" என்று எப்படி எழுதுவான்? எல்லாமே நல்ல பீர் என்றால் மதிப்புரை என்னத்துக்கு? இன்னொரு புகார், மதிப்பெண் பற்றியது. நூற்றுக்கு இத்தனை என்று போட்டுவிட்டால் விவாதம் அங்கேயே முடிந்துபோகிறது. இணையத்தில் வாசகர்களே மதிப்பெண் போட ஆரம்பித்த பிறகு அச்சிதழின் எண்ணுக்குக் காத்திருப்பானேன்? 'ஆல் அபௌட் பீர்' 2018இல் நின்றது; 2023இல் இணையத்தில் மீண்டும் வந்தது.

வாசகனை உறுப்பினனாகவோ செய்கிறவனாகவோ வைத்த இதழ்களை அவனால் கேள்வி கேட்க முடிந்தது. வாங்குகிறவனாக மட்டும் வைத்தபோது அவனுக்கு மிஞ்சியது ஒரே உரிமை: வாங்காமல் விடுவது. நண்பர் இப்போது சிரிக்கவில்லை. "நம்ம பத்திரிகைக்காரன் நம்மள என்னவா வச்சிருக்கான்?" என்று கேட்டார். நானும் எழுதுகிற இடம் இது. என்னிடம் சட்டென்று பதில் இல்லை.