சுழல் வேகத்தின் அலகுகள்: சூடடிக்கும் இயந்திரத்திற்கும் நீர்ப்பம்பிக்கும் உரிய கணக்கு

நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் கமக்காரர் கையாளும் இயந்திரங்களுட் பெரும்பாலானவை சுழல்வன. நீர்ப்பம்பியின் சக்கரம், சூடடிக்கும் இயந்திரத்தின் உருளை, தூற்றும் விசிறி, உழவு இயந்திரத்தின் சில்லு ஆகிய ஒவ்வொன்றும் தனக்குரிய வேகத்திற் சுழலும்போதே செவ்வையாக வேலை செய்யும். வேகம் குறைந்தால் கதிரில் நெல் தங்கிவிடும். கூடினால் நெல் உடையும். பம்பியை அளவுக்கு மிஞ்சி ஓட்டினால் மோட்டர் எரிந்துபோகும். ஆதலின் சுழல் வேகம் எந்த அலகிற் கூறப்பட்டுள்ளது என்பதையும், ஓர் அலகிலிருந்து மற்றோர் அலகிற்கு மாற்றும் முறையையும் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவரும் இக்கணக்கைச் செய்யலாம்.

மாடுகளைப் பிணைத்துக் களத்திற் சூடு மிதித்த காலத்தை நினைவுகூர்வோர் இன்றும் உளர். நடுவிலிருந்து ஒரு மீற்றர் தொலைவில் உள்மாடும், நான்கு மீற்றர் தொலைவில் வெளிமாடும் நடந்தன எனக் கொள்வோம். ஒரே கயிற்றிற் பிணைக்கப்பட்டிருப்பதால் இரண்டும் நிமிடத்திற்கு மூன்று சுற்றே சுற்றும். எனினும் உள்மாடு நிமிடத்தில் ஏறக்குறைய 19 மீற்றரே நடக்க, வெளிமாடு 75 மீற்றர் நடக்க வேண்டியிருக்கும். கிழமாட்டை உள்ளேயும் சுறுசுறுப்பான மாட்டை வெளியேயும் கட்டிய முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். சுற்றும் வேகம் ஒன்று, ஓரம் செல்லும் வேகம் வேறொன்று. முன்னையது கோண வேகம் எனப்படும். பின்னையது கோண வேகத்தோடு ஆரையையும் பொறுத்தது.

கோண வேகத்தை மூன்று வகையாகக் கூறுவர். நிமிடத்திற்கு இத்தனை சுற்று என்பது யாவரும் அறிந்தது. ஒரு முழுச் சுற்று 360 பாகை ஆதலால், செக்கனுக்கு இத்தனை பாகை என்றும் கூறலாம். மணிக்கூட்டின் செக்கன் முள் நிமிடத்திற்கு ஒரு சுற்றுச் சுற்றுகின்றது. அதாவது செக்கனுக்கு 6 பாகை. வானத்திற் சூரியன் மணிக்கு ஏறக்குறைய 15 பாகை நகர்வதாகத் தோன்றுவதும் இவ்வகைக் கணக்கே.

மூன்றாவது அலகு ஆரையன். இதன் பெயர் புதிதாகத் தோன்றினும் பொருள் எளிது. ஒரு சில்லின் நடுவிலிருந்து ஓரம் வரையுள்ள நீளத்திற்கு ஒரு கயிற்றை வெட்டி, அதனைச் சில்லின் ஓரத்தில் வளைத்து வைத்தால், அக்கயிறு அடக்கும் கோணம் ஓர் ஆரையன் ஆகும். சில்லு சிறிதாயினும் பெரிதாயினும் அதன் ஓரத்தைச் சுற்றிவர அத்தகைய கயிறு ஆறும், ஏழாவதிற் காற்பங்கிற்குச் சற்று மேலும் வேண்டும். ஆகவே ஒரு சுற்று 6.283 ஆரையன். இந்த அலகின் பயன் யாதெனில், செக்கனுக்கு இத்தனை ஆரையன் என்ற எண்ணை ஆரையாற் பெருக்கினால் ஓரத்தின் வேகம் நேரே கிடைத்துவிடும். சுற்றுக் கணக்கிலோ பாகைக் கணக்கிலோ அவ்வாறு கிடைப்பதில்லை.

நிமிடச் சுற்றை 0.1047 ஆற் பெருக்கினால் செக்கனுக்கு ஆரையன் வரும். மனக்கணக்கிற்கு ஓர் எளிய வழி உண்டு. நிமிடச் சுற்றைப் பத்தால் வகுத்து, வந்த விடையோடு அதன் நூற்றுக்கு ஐந்து பங்கைக் கூட்டுக. 1500 சுற்றுக்கு 150 உம் 7.5 உம் சேர்ந்து 157.5 ஆகும். சரியான விடை 157.1, கமத்து வேலைக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. மறுதலையாக, செக்கனுக்கு ஆரையனிலிருந்து நிமிடச் சுற்றைப் பெற 9.55 ஆற் பெருக்குக. செக்கனுக்குப் பாகை வேண்டின் நிமிடச் சுற்றை 6 ஆற் பெருக்கினாற் போதும்.

பிறநாட்டு இயந்திரங்கள் சிலவற்றின் தகட்டிற் சுற்று என்னும் சொல்லே இராது. நிமிடத்தைக் குறிக்கும் எழுத்துக்களின் தலைமாட்டில் எதிர்க் குறியுடன் ஒன்று என்ற இலக்கம் மட்டும் காணப்படும். அதுவும் நிமிடத்திற்கு இத்தனை சுற்று என்பதையே குறிக்கும். இதனை வேறோர் அலகென எண்ணி மாற்ற முற்பட்டால் கணக்கு முழுவதும் பிழைக்கும்.

இனிச் சூடடிக்கும் இயந்திரத்தைப் பார்ப்போம். முளை பதித்த உருளையினால் நெல்லடிக்கும் இயந்திரத்தில் முளையின் நுனி செக்கனுக்கு 12 முதல் 16 மீற்றர் வரையான வேகத்திற் செல்லுதல் தகும். அதற்கு மேற் சென்றால் மணி வெடிக்கும். வெடித்த நெல் ஆலையிற் குறுணலாகும். விதைநெல்லாயின் முளைக்கும் தன்மை கெடும். வெடிப்புப் பல வேளைகளில் உமியின் உள்ளே மறைந்திருப்பதால், களத்திற் பார்க்கும்போது நெல் நன்றாகவே தோன்றும். நட்டம் பின்னரே வெளிப்படும். விதைக்கென அடிக்கும் நெல்லுக்கு வேகத்தைக் கீழெல்லையை ஒட்டி வைப்பதே விவேகம்.

உருளையின் குறுக்களவு முளை நுனி வரை 40 சதமமீற்றர் எனின் ஆரை 0.20 மீற்றர். நிமிடத்திற்கு 600 சுற்று என்பது செக்கனுக்கு 63 ஆரையன். 63 ஐ 0.20 ஆற் பெருக்க 12.6 மீற்றர் வரும். இது தக்க வேகம். அயற்கமக்காரரின் இயந்திரம் 600 சுற்றில் நன்றாக அடிக்கின்றது என்று கேள்விப்பட்டு, 55 சதமமீற்றர் உருளையுள்ள இயந்திரத்தையும் ஒருவர் 600 இற்கே வைத்தால் நேர்வது யாது? 63 ஐ 0.275 ஆற் பெருக்கினால் 17.3 மீற்றர், நெல் உடையும். அவருடைய இயந்திரத்திற்கு 13 மீற்றர் வேண்டுமாயின், 13 ஐ 0.275 ஆல் வகுக்க 47.3 ஆரையன், அதனை 9.55 ஆற் பெருக்க ஏறக்குறைய 450 சுற்று. சுற்றின் எண்ணிக்கையை மட்டும் பிறரிடமிருந்து இரவல் வாங்குதல் ஆகாது என்பது இதனால் விளங்கும். அறுவடையையும் சூடடிப்பையும் ஒருங்கே செய்யும் பெரிய இயந்திரங்களின் உருளைக்கும் இக்கணக்கு உண்டு. அவற்றை வாடகைக்கு அமர்த்துவோர், உருளை எத்தனை சுற்றில் ஓடுகின்றது என்று ஓட்டுநரைக் கேட்டறிவதில் தவறில்லை.

வேண்டிய வேகத்தைப் பெறுவது கப்பிகளினால். எஞ்சினின் சுற்றை எஞ்சின் கப்பியின் விட்டத்தாற் பெருக்கி, வேண்டிய சுற்றால் வகுத்தால், பூட்ட வேண்டிய கப்பியின் விட்டம் வரும். 2400 சுற்றில் ஓடும் எஞ்சினில் 10 சதமமீற்றர்க் கப்பி இருந்து, உருளைக்கு 600 சுற்று வேண்டுமாயின், உருளையின் கப்பி 40 சதமமீற்றராக இருத்தல் வேண்டும். கையிற் கிடைத்தது என்று 30 சதமமீற்றர்க் கப்பியைப் பூட்டினால் 800 சுற்று ஆகி, மேற்கூறிய சிறிய உருளையின் முளை நுனியும் 16.8 மீற்றர் வேகத்தை எட்டிவிடும். கப்பியின் விட்டத்தை வெளியோரத்தில் அளவாது, வார்ப்பட்டி பதிந்தோடும் இடத்தில் அளக்க வேண்டும். வார்ப்பட்டி சற்று வழுக்குவதால் உண்மை வேகம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு குறைந்திருக்கும்.

நீர்ப்பம்பியின் வேகத்தை மாற்றுவோர் இன்னும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். மையநீக்கப் பம்பியில் நீரின் அளவு வேகத்தை ஒத்துக் கூடும். நீரை ஏற்றும் உயரம் வேகத்தின் வர்க்கத்தை ஒத்துக் கூடும். செலவாகும் வலுவோ அண்ணளவாக வேகத்தின் கனத்தை ஒத்துக் கூடும். பம்பியின் 10 சதமமீற்றர்க் கப்பியைக் கழற்றி 8 சதமமீற்றர்க் கப்பியைப் பூட்டினால் வேகம் காற்பங்கு கூடும். வலுவோ ஏறக்குறைய இருமடங்கு வேண்டும். அதனைத் தாங்காத மோட்டர் சூடேறி எரியும். எஞ்சினாயின் எண்ணெய்ச் செலவு மிகும். மறுபுறம், நமது 50 சுழற்சி மின்சாரத்தில் 2880 சுற்று ஓடும் மோட்டருக்கென அமைந்த பம்பியை 1440 சுற்று மோட்டரோடு இணைத்தால், 24 மீற்றர் ஏற்ற வல்லது 6 மீற்றரே ஏற்றும். பழுது பம்பியிலே என்று எண்ணி அதனைப் பிரித்துப் பார்ப்பதாற் பயனில்லை. வேகத்தைக் கூட்டினால் ஆழக்கிணற்றிலிருந்து நீர் உறிஞ்சலாம் என்று எண்ணுவதும் தவறு. உறிஞ்சும் உயரத்தை வரையறுப்பது வளியின் அமுக்கம். நடைமுறையில் ஏழு மீற்றர் அளவே எல்லை. அதற்கு மேல் வேண்டின் பம்பியைக் கீழே இறக்கி வைத்தல் வேண்டும்.

அச்சுத்தண்டின் முறுக்கத்தைக் கணிப்பவருக்கும் ஆரையன் இன்றியமையாதது. வலுவை உவாற்றில் எடுத்து, செக்கனுக்கு ஆரையனால் வகுத்தால் முறுக்கம் நியூற்றன் மீற்றரில் வரும். 1500 உவாற்று மோட்டர் 1440 சுற்றில், அதாவது 151 ஆரையனில், ஏறக்குறைய 10 நியூற்றன் மீற்றர் தரும். 1500 ஐ 1440 ஆலேயே வகுத்து ஒன்று என்று கொள்பவர், உரியதிற் பத்திலொரு பங்கு வலிமையுள்ள தண்டைத் தேர்ந்து முறித்துவிடுவர்.

சுழல் வேகத்தைக் கண்ணால் மதித்தல் இயலாது. ஒளியினால் அளக்கும் சிறிய சுற்றுமானிகள் இப்போது கடைகளிற் கிடைக்கின்றன. பல கமக்காரர் சேர்ந்து ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். இயந்திரத்தை நிறுத்தியபின் கப்பியில் ஒளி தெறிக்கும் நாடாத் துண்டு ஒன்றை ஒட்டுக. இரண்டு துண்டுகள் இருந்தால் மானி இருமடங்கு காட்டும். ஓடும் வார்ப்பட்டிக்கு அருகிற் சால்வையோ தளர்ந்த சட்டையோ அணிந்து நிற்றலாகாது. வெறுமனே ஓடும்போது அளந்தது போதாது. கதிர்க்கட்டுக்களை ஊட்டும்போது எஞ்சினின் வேகம் தாழும். ஆதலின் வேலை நடக்கும்போதே அளந்து, அந்த எண்ணையே கணக்கிற்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.