காட்டில் ஒருவன், ஊரில் ஆயிரம் கதைகள்

பிறந்தநாள் விழாவாக இருந்தாலென்ன, கோவில் திருவிழாவாக இருந்தாலென்ன, எம்மவர் நாலுபேர் கூடிவிட்டால் கதைப்பதற்கு ஒரு விடயம் வேண்டும். 2023ஆம் ஆண்டில் வீரப்பனைப் பற்றிய இரண்டு ஆவணத் தொடர்கள் இணையவழித் திரைக்கு வந்தன. அதன் பின்னர் டென்மார்க்கில் உள்ள எமது வீடுகளிலும் அந்தப் பழைய கதை மீண்டும் புகுந்துகொண்டது. "ஏழைகளுக்கு உதவிய நல்ல மனிசன்" என்கிறார் ஒருவர். "ஈவிரக்கமற்ற கொலைகாரன்" என்கிறார் மற்றவர். "உயிரோடு பிடித்து வைத்துவிட்டுத்தான் பிறகு சுட்டவங்கள்" என்று மூன்றாமவர் அடித்துச் சொல்கிறார். "புதைத்து வைத்த காசு இன்னும் அந்தக் காட்டுக்குள்தான் கிடக்குது" என்று நாலாமவர் முடித்து வைக்கிறார். இவர்களில் சத்தியமங்கலம் காட்டைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை.

பொழுதுபோக்குப் பேச்சுத்தானே, இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும், அவர்களுடைய அனுபவத்திலிருந்து இந்நாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியவை பற்றியும் இங்கே பார்ப்போம்.

ஒரு தீவளவு காடு

டென்மார்க்கில் காடு என்று சொல்லப்படும் இடத்தில் ஒரு மணித்தியாலம் நடந்தால் மறுபக்கத்தில் தெருவோ வயலோ தென்பட்டுவிடும். வீரப்பன் ஒளிந்திருந்த காடு அப்படிப்பட்டதல்ல. தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் சந்திக்கும் அந்த மலைக்காடு சுமார் 6000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது என்பர். கோப்பன்கேகன் அமைந்துள்ள ஷெலன்ட் தீவு முழுவதும் சுமார் 7000 சதுர கிலோமீற்றர்தான். அந்தத் தீவை வீடு வாசல் இல்லாமல் மலையும் பள்ளமும் மூங்கில் புதரும் யானைக் கூட்டமுமாக நினைத்துப் பாருங்கள். அதற்குள் சில ஆட்களைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

கூசு முனிசாமி வீரப்பன் 1952இல் கர்நாடக எல்லையிலுள்ள கோபிநத்தம் கிராமத்தில் பிறந்தவர். யானைத் தந்தமும் சந்தன மரமும் கடத்தினார். 1986இல் ஒருமுறை பிடிபட்டுத் தப்பினார். அதன் பின்னர் கொலைகள் தொடர்ந்தன. சரணடையச் சம்மதித்துவிட்டதாக நம்பவைக்கப்பட்டுச் சென்ற வன அதிகாரி ஸ்ரீநிவாஸ் 1991 நவம்பரில் கொல்லப்பட்டார். 1993 ஏப்ரலில் பாலாற்றுக்கு அருகே கண்ணிவெடியில் 22 பேர் பலியாயினர். நூற்றுக்கும் மேற்பட்ட கொலைகள் அவர் மீது சுமத்தப்பட்டன. இரு மாநில அரசுகளும் இவரைப் பிடிப்பதற்கென்றே விசேட அதிரடிப்படைகளை அமைத்தன. அந்தப் பெயரைக் கேட்டதும் எம்மில் பலருக்கு, குறிப்பாகக் கிழக்கு மாகாணத்தவருக்கு, நெஞ்சு திடுக்கிடும். இது வேறு நாட்டின் வேறு படை. ஆனால் கிராமத்துச் சனங்களுக்கு நேர்ந்ததில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி

காட்டுக்குள் இருப்பவனைப் பிடிக்க முடியாதபோது, காட்டோரம் இருப்பவன் மீது கண் விழுகிறது. யார் அரிசி கொடுத்தார்? யார் பாதை காட்டினார்? சந்தையில் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பருப்பு வாங்கியவர் யார்? இப்படி ஊகத்தின் பேரில் ஆண்களும் பெண்களும் பிடித்துச் செல்லப்பட்டனர். மாதேஸ்வரன் மலையில் இருந்த சித்திரவதைக் கூடத்துக்கு 'வேர்க்சொப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மறுபுறத்தில், பொலிசாருக்குத் தகவல் கொடுத்திருப்பார் என்று வீரப்பன் சந்தேகித்தவர்களும் உயிர் தப்பவில்லை. இரு தரப்பும் ஆதாரம் கேட்கவில்லை. "இவராக இருக்கலாம்" என்ற ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது.

இது எமக்குப் புதிய கதையா? சுற்றிவளைப்பில் ஊர் ஆண்களை வெயிலில் வரிசையாக இருத்தி, முகம் மூடிய தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடத்திச் சென்றதை எமது தலைமுறை மறக்கவில்லை. அந்தத் தலை ஏன் ஆடியது என்று எவரும் கேட்கவில்லை. ஆடியதோடு ஒரு குடும்பத்தின் கதை முடிந்தது. கோபிநத்தத்திலும் அதைச் சுற்றிய மலைக் கிராமங்களிலும் ஆண்டுக்கணக்காக நடந்ததும் இதுதான்.

தடா என்ற பயங்கரவாதச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்ட கிராமவாசிகள் பலர் மைசூர்ச் சிறையில் எட்டு ஆண்டுகள் வரை கிடந்தனர். 2001இல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் மிகப் பெரும்பாலானோர் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். அதிரடிப்படைகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்க இந்திய தேசிய மனித உரிமை ஆணைக்குழு நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து 2007 ஜனவரியில், பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 இலட்சம் ரூபா இடைக்கால நிவாரணம் வழங்கும்படி ஆணைக்குழு பரிந்துரைத்தது. காசு வந்தாலும் போன எட்டு ஆண்டுகள் திரும்பி வருமா?

அதே காலத்தில் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்திக் கிராமத்துக்கு நேர்ந்ததையும் இங்கு குறிப்பிட வேண்டும். கடத்தல் சந்தனக்கட்டையை அவ்வூர் ஒளித்து வைத்திருக்கிறது என்று கூறி, 1992 ஜூன் 20ஆம் திகதி வனத்துறையினரும் பொலிசாரும் வருவாய்த்துறையினரும் அங்கு புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டனர். வழக்கில் 269 அரச ஊழியர் குற்றஞ்சாட்டப்பட்டு, உயிரோடு எஞ்சியிருந்த 215 பேரும் 2011இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது. ஒரு முழு ஊரையே சந்தேகநபராக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

மீசை இல்லாத மனிதன்

கதைகளின் தீங்கு காட்டோரத்தோடு நிற்கவில்லை. 2000 ஜூலை 30ஆம் திகதி கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்று 108 நாட்கள் காட்டில் வைத்திருந்தார். கடத்தியவர் தமிழர், கடத்தப்பட்டவர் கன்னடர் என்றானதும், கடத்தலுக்கும் தமக்கும் எந்தத் தொடர்புமில்லாத பெங்களூர்த் தமிழர் அஞ்சி வாழ வேண்டியதாயிற்று. ஒருவன் செய்ததற்கு அவன் மொழி பேசுவோர் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை, அந்நிய நாட்டில் வாழும் நாம் மற்றவர்களைவிட நன்றாக உணர வேண்டும்.

இத்தனை பேச்சும் தேடுதலுக்காவது உதவியதா என்றால் அதுவும் இல்லை. வீரப்பன் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது அந்தப் பெரிய மீசை. ஆனால் 2004 அக்டோபர் 18ஆம் திகதி இரவு காட்டை விட்டு வெளியே வந்த மனிதர் மீசையைக் குறைத்திருந்தார். கண்பார்வை கெட்டு, வைத்தியத்துக்காகப் போவதாக நம்பி ஒரு அம்புலன்ஸ் வண்டியில் ஏறினார். வண்டியை ஓட்டியவர் பொலிஸ்காரர். தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிக்கு அருகே, விஜயகுமார் தலைமையிலான தமிழ்நாட்டு அதிரடிப்படையினர் அவரையும் மூன்று கூட்டாளிகளையும் சுட்டுக் கொன்றனர். கூட்டத்துக்குள் ஆளை அனுப்பி, மாதக்கணக்காகப் பொறுமையாக வலை பின்னியே இதைச் சாதித்ததாகப் பொலிசார் கூறினர். தெருவோரப் பேச்சு அவரைப் பிடித்துக் கொடுக்கவில்லை.

அந்த இரவைப் பற்றி மனித உரிமை அமைப்புகள் கேள்வி எழுப்பின. அது அவர்களுடைய கடமை. சாட்சியம் தேடி விசாரணை கேட்பது வேறு. சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது வேறு.

இந்த நாட்டில் நாம்

இனி எமது வாசலுக்கு வருவோம். 2018 டிசம்பரில் மொரோக்கோவின் அட்லஸ் மலையில், இம்லில் என்ற கிராமத்துக்கு அருகே கூடாரமடித்துத் தங்கியிருந்த ஒரு டெனிஷ் யுவதியும் ஒரு நோர்வே யுவதியும் கொல்லப்பட்டனர். பிரதான சந்தேகநபர்கள் நால்வரும் சில நாட்களுக்குள் மராக்கேஷ் நகரில் பிடிபட்டனர். ஆனால் அதற்குள் கொலைக் காட்சி அடங்கிய வீடியோ கைத்தொலைபேசி வழியாக டென்மார்க் எங்கும் பரவிவிட்டது. அதைப் பிறருக்கு அனுப்பியதாக 14 பேர் மீது 2019 மார்ச்சில் டெனிஷ் பொலிசார் குற்றம் சுமத்தினர். "எனக்கு வந்தது, நான் அனுப்பினேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

வீட்டில் செய்தியை மொழிபெயர்த்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் எமது பிள்ளைகளே. ஆகவே பெற்றோரும் பிள்ளைகளும் மூன்று டெனிஷ் சொற்களைப் பிரித்தறிய வேண்டும். 'சிக்தெத்' என்றால் பொலிசார் ஒருவர் மீது சந்தேகக் குற்றம் சுமத்தியுள்ளனர் என்பது மட்டுமே. 'தில்தால்த்' என்றால் அரச வழக்குத் தொடுநர் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றுவிட்டார். 'டெம்த்' என்றால்தான் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்துவிட்டது. முதலாவதைக் கேட்டுவிட்டு மூன்றாவதைச் சொல்வதுதான் நாம் கூடும் இடங்களில் அதிகம் நடக்கிறது.

கைது செய்யப்பட்டவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்று இந்நாட்டு அரசியலமைப்பின் 71ஆம் பிரிவு கூறுகிறது. சந்தேகநபரின் பெயரை வெளியிட நீதிமன்றம் தடை விதிக்கலாம். அது பத்திரிகைக்கு மட்டுமல்ல, முகநூலில் எழுதும் சாதாரண மனிதருக்கும் பொருந்தும். எட்டு ஆண்டுகள் சிறையில் கிடந்து குற்றமற்றவராக வெளியே வந்த அந்த மலைக் கிராமத்தவருக்கு இப்படியான பாதுகாப்புக் கிடைக்கவில்லை. எமக்குக் கிடைத்திருக்கிறது. அதை அடுத்தவருக்கு மறுக்கலாமா?

உண்மையாகவே ஏதாவது கண்டிருந்தால் பேசாமல் இருக்க வேண்டும் என்பதல்ல எமது கருத்து. ஆபத்து வேளையில் 112, அவசரமில்லாத தகவலுக்கு 114 என்ற இலக்கங்களில் பொலிசாரைக் கூப்பிடலாம். சீருடையைக் கண்டால் வயிறு கலங்கும் அனுபவம் எமக்கு உண்டு. அந்தப் பயத்தைக் கடக்கக் காலம் எடுக்கும். ஆனால் கண்டதைக் கண்டபடி, கண்ட அளவுக்கு, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வது ஒரு குடிமகனின் உதவி. காணாததைக் கண்டதுபோல் ஊரெல்லாம் சொல்வது தலையாட்டியின் வேலை. அந்த வேலைக்கு முகமூடி கூடத் தேவையில்லை, கையில் ஒரு தொலைபேசி போதும் என்பதை எமது பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வைப்போம்.