நெல்லுக்கும் சோற்றுக்கும் ஒரே சொல்

வயலில் நிற்கையில் பயிர் என்றும், களத்தில் குவிந்தபின் நெல் என்றும், உமி நீங்கியதும் அரிசி என்றும், உலையில் வெந்து இலைக்கு வந்ததும் சோறு என்றும், ஒரே தானியத்தை அதன் ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு பெயர் சொல்லி அழைக்க நன்னிலம் பக்கத்துக் குழந்தை பள்ளிக்கூடம் போகுமுன்பே கற்றுக்கொண்டுவிடுகிறது. ஜப்பானியக் குழந்தையும் அவ்வாறே இனே, மோமி, கொமே, கோஹான் என்று நான்கு சொற்களைத் தாய்மடியிலேயே பிரித்தறிந்து பழகுகிறது. ஆனால் அந்த நாட்டு நாவல் ஒன்று ஆங்கிலத்தில் ஏறி நம் கைக்கு வந்து சேரும்போது, பயிரும் நெல்லும் அரிசியும் சோறும் ஆகிய நான்கும் பெரும்பாலும் ‘ரைஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. நெல்லைக் குறிப்பதற்கு மலாய் மொழியிலிருந்து கடன் வாங்கிய சொல் ஒன்று ஆங்கிலத்தில் உண்டென்றாலும், கதைகளில் அது அரிதாகவே எட்டிப் பார்க்கிறது. நெல் விளையும் ஒரு தேசத்தின் கதையை, நெல் விளையும் இன்னொரு தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, கோதுமை உண்பவர்களின் பாஷை வழியாகப் படிக்க நேர்ந்திருக்கிற நம் நிலைமையை இந்த ஒரு சொல்லே விளக்கிவிடும்.

அஸாகோ யுஸுகி என்ற நாவலாசிரியை 2017-இல் எழுதி, பாலி பார்டன் 2024-இல் ஆங்கிலத்தில் தந்த ‘பட்டர்’ என்ற நாவலைப் படித்தபோதுதான் இந்த எண்ணம் என்னுள் உறுதிப்பட்டது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையிலிருக்கும் ஒரு பெண், தன்னைப் பேட்டி காண வந்த பத்திரிகைக்காரியான ரிகாவிடம், அப்போதுதான் வடித்த சூடான சோற்றின்மீது குளிர்ந்த வெண்ணெய்த் துண்டொன்றை வைத்து, சோயாச் சாறு சிறிது விட்டு, வேறொன்றும் சேர்க்காமல் சாப்பிட்டுப் பார்க்கும்படி சொல்கிறாள். உடல் மெலிந்திருப்பதே பெண்ணுக்கு அழகென்று ஊரார் போட்ட விலங்கை அறியாமலே பூண்டு நடமாடிக்கொண்டிருந்த ரிகாவின் வாழ்க்கை அந்த ஒரு கவளத்திலிருந்து திசை திரும்புகிறது. ஆவி பறக்கும் சோற்றில் வெண்ணெய் உருகி இறங்கும் அந்தப் பக்கத்தை வாசிக்கையில், பருப்பும் நெய்யும் விட்டு விரல் நுனியால் மசியப் பிசைந்து, தாழ்வாரத்தில் உட்கார்ந்து குழந்தைக்கு ஊட்டுகிற நம் வீட்டுத் தாய்மார்களின் கைதான் என் கண்முன் நின்றது. ஆங்கில வாசகனுக்கு அது ஓர் அந்நியமான, விநோதமான ருசி. நமக்கோ பாதி தெரிந்த ருசி.

இதனால் ஆங்கிலம் நமக்குச் செய்த உபகாரத்தைக் குறைத்துச் சொல்லிவிடலாகாது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, பகைவனின் பாஷையைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்ற அவசியத்தால் அமெரிக்கக் கடற்படை நடத்திய ஜப்பானிய மொழிப் பள்ளியில் பயின்ற இளைஞர்களுள் எட்வர்ட் ஸைடன்ஸ்டிக்கரும் டொனால்ட் கீனும் இருந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு அந்தக் கல்வியை அவர்கள் இலக்கியத்திற்கு அர்ப்பணம் செய்தார்கள். யஸுனாரி கவபத்தாவின் பனிநாட்டு நாவல் ஸைடன்ஸ்டிக்கரின் ஆங்கிலத்தில் 1956-இல் வெளிவந்தது. 1968-இல் கவபத்தாவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அந்தக் கௌரவத்தில் பாதி மொழிபெயர்ப்பாளருக்கே உரியதென்று அவர் மனமாரக் கருதினார். அந்த வழியில் இன்றுவரை வந்துகொண்டிருக்கும் நூல்கள் பல. ஹருகி முரகாமியின் பெயர் தமிழ்ச் சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் புதிதன்று. பொருள்களும் அவற்றைப் பற்றிய நினைவுகளும் ஒவ்வொன்றாக மறைந்துபோகும் ஒரு தீவைப் பற்றி யோகோ ஒகாவா 1994-இல் எழுதிய நாவல், இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்து 2019-இல் ஸ்டீபன் ஸ்னைடரின் ஆங்கிலத்தில் வெளிவந்து, மறு ஆண்டே சர்வதேசப் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. நம்மவர்களில் பலர் இந்த நூல்களை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். தமிழில் கிடைக்கிற சிலவும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே வந்தவை.

ஆங்கிலத்தின் வழியே பிறநாட்டு இலக்கியத்தைக் கொண்டுவருவது எங்கள் காவிரிக்கரைக்குப் புதிய தொழிலும் அன்று. நன்னிலம் இருக்கும் இதே திருவாரூர் மாவட்டத்தின் வலங்கைமானில் 1912-இல் பிறந்த க.நா.சுப்ரமண்யம், நார்வேயின் நட் ஹாம்சனை ‘நிலவளம்’ என்றும், ஸ்வீடனின் ஸெல்மா லாகர்லெவை ‘மதகுரு’ என்றும், பேர் லாகர்குவிஸ்டை ‘அன்புவழி’ என்றும் தமிழுக்குக் கொண்டுவந்தார். பனியையே பார்த்திராத தமிழ் வாசகன், வடகோடிக் காடுகளில் தரிசு திருத்தி உழுத ஒரு குடியானவனைத் தன் பங்காளியாகப் பாவித்துக்கொண்டது அந்த நூல்களால்தான். மன்னார்குடிக்கு அருகிலுள்ள தேவங்குடியில் பிறந்த தி.ஜானகிராமனும், லாகர்குவிஸ்டின் ‘குள்ளன்’, இத்தாலிய எழுத்தாளர் கிராஸியா தெலெத்தாவின் ‘அன்னை’ ஆகியவற்றைத் தமிழில் தந்தவர். அவர் ஜப்பானுக்கே பிரயாணம் செய்து, ‘உதயசூரியன்’ என்ற பயண நூலும் எழுதினார். ஸைடன்ஸ்டிக்கர் பிறந்த அதே 1921-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜானகிராமன். ஒருவர் ஜப்பானிய மொழியைக் கற்று அதன் நாவல்களை உலகுக்குக் கொண்டுசென்றார். மற்றவர் ஜப்பானை நேரில் கண்டு அதன் மனிதர்களைத் தமிழருக்கு அறிமுகம் செய்தார். மனிதர்களின் பேச்சை அவ்வளவு நுட்பமாகக் காது கொடுத்துக் கேட்ட ஜானகிராமனைப் போன்ற ஒருவருக்கு ஜப்பானிய பாஷையும் கைவந்திருந்தால் தமிழுக்கு என்னென்ன கிடைத்திருக்கும் என்று எண்ணி நான் ஏங்கியதுண்டு.

அந்த ஏக்கத்திற்குக் காரணம் உண்டு. ஜப்பானிய வாக்கியம் தமிழ் வாக்கியத்தைப் போலவே வினைமுற்றில்தான் வந்து முடிகிறது. அடைமொழிகளும் எச்சங்களும் பெயருக்கு முன்னே அணிவகுத்து வர, கேட்பவன் கடைசிச் சொல்வரையில் பொறுமையோடு காத்திருக்கிறான். பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது நாம் ‘என்று’ சேர்க்கிற இடத்தில் அவர்கள் ‘தொ’ என்று ஓர் இடைச்சொல்லைச் சேர்க்கிறார்கள். ஸுஸுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியல் அறிஞர் இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு, இரு பாஷைகளுக்கும் உறவு உண்டென்றே வாதித்தார்; யாழ்ப்பாணத்து அறிஞர்களான சண்முகதாஸ் தம்பதியரும் அவருடன் சேர்ந்து உழைத்தார்கள். அந்த உறவை மொழியியலாளர் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுடைய முடிவே சரியென்பது என் அபிப்பிராயமும். ஆயினும் மொழிபெயர்ப்பாளனுக்கு இரத்த சம்பந்தம் வேண்டியதில்லை. நடை ஒத்துவந்தால் போதும். கவபத்தாவின் பனிநாட்டு நாவல், மலைக்குள் குடைந்த நீண்ட சுரங்கப்பாதையைக் கடந்ததும் பனி மூடிய நாடு எதிர்ப்படுவதில் தொடங்குகிறது. மூலத்தில் அந்த வாக்கியத்திற்கு எழுவாய் கிடையாது; கடந்தது யார், எது என்று சொல்லாமலே வாசகனை அது ரயிலுக்குள் உட்காரவைத்து அழைத்துப் போகிறது. எழுவாய் இன்றி நடக்கமாட்டாத ஆங்கிலத்தில் ஸைடன்ஸ்டிக்கர் ரயிலை எழுவாயாக்க வேண்டியதாயிற்று. ரயில் வெளியே வருவதை வாசகன் எட்டி நின்று பார்க்கிறான். ‘பாலத்தைத் தாண்டினால் கோயில்’ என்று தினமும் வழி சொல்கிற நமக்கு, எழுவாயைத் தேடும் அந்தச் சங்கடமே எழாது.

அவர்களுடைய இரட்டைச் சொற்களையும் கவனியுங்கள். மினுமினுப்பதை ‘கிராகிரா’ என்றும், நெஞ்சு படபடப்பதை ‘தோகிதோகி’ என்றும் சொல்லும் ஜப்பானியரின் பேச்சில் இத்தகைய சொற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுடைய நாவல்களில் மழைக்கும் அழுகைக்கும் பசிக்கும்கூடத் தனித்தனி ஓசைகள் கேட்கும். ஆங்கிலத்தில் இவை ஓசையை இழந்து, வெறும் வினைச்சொற்களாகவோ வர்ணனைகளாகவோ கரைந்துவிடுகின்றன. சலசல, நெடுநெடு, கமகம என்று தொல்காப்பியர் காலத்திலிருந்தே இரட்டைக்கிளவிக்கு இலக்கணம் வகுத்து வைத்திருக்கும் நம் மொழி அவற்றுக்கெல்லாம் பாய் விரித்துத் தயாராக இருக்கிறது. ஸயாகா முராத்தாவின் ‘கன்வீனியன்ஸ் ஸ்டோர் உமன்’ நாவலில், பதினெட்டு ஆண்டுகளாக ஒரு சிறு கடையில் வேலை பார்க்கும் பெண், உள்ளே நுழைகிற ஒவ்வொருவரையும் நோக்கி ‘இரஷ்ஷாய்மஸே’ என்று உரக்கச் சொல்லி வரவேற்கிறாள். இதற்கு ஈடான சொல் கிட்டாமல் ஆங்கில நூல் அதை அப்படியே விட்டுவைத்தது. சன்னாநல்லூர்க் கடைத்தெருவில் வாசலில் நிழல் விழுந்தவுடனே ‘வாங்க, வாங்க’ என்று எழுகிற குரல், அதே குரல்தான்.

எல்லாம் சுலபம் என்று நான் சொல்லவில்லை. ஆண், பெண், பணிவு, நெருக்கம் ஆகியவற்றைப் பொறுத்து ஜப்பானியர் தம்மையே குறிக்கப் பல சொற்களை வைத்திருக்க, நமக்கு ‘நான்’ ஒன்றுதான் உண்டு. அவர்களுடைய வினைச்சொல்லில் ஆணா பெண்ணா என்ற குறிப்பே இராது. தமிழிலோ ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று முதல் வரியிலேயே காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் இந்தச் சிரமங்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளன் மூலத்தோடு நேரே மல்லுக்கட்டித் தீர்க்க வேண்டியவை. இன்னொருவர் ஏற்கெனவே தீர்த்த தீர்ப்பை அப்படியே பெற்றுக்கொள்வதனால் அவை தீர்ந்துவிடுவதில்லை.

வேறொரு நஷ்டமும் உண்டு. எந்த நூலைத் தேர்ந்தெடுப்பது என்பதையும் லண்டனும் நியூயார்க்கும் நமக்காக முடிவு செய்துவிடுகின்றன. அண்மைக் காலத்தில் பூனைகளும் காப்பிக்கடைகளும் பழைய புத்தகக்கடைகளும் நிறைந்த, மனத்துக்கு ஆறுதல் தரும் ஜப்பானிய நூல்கள் ஆங்கிலத்தில் வந்து குவிகின்றன. அவற்றை நான் இகழவில்லை. துயருற்றவனுக்கு ஆறுதல் தருவதும் புத்தகத்தின் கடமைதான். ஆனால் ஜப்பான் என்றால் இவ்வளவுதான் என்று நம் வாசகர் முடிவு கட்டிவிடலாகாது. யூ மிரி எழுதி, மார்கன் ஜைல்ஸ் ஆங்கிலத்தில் தந்து, 2020-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை மொழிபெயர்ப்புப் பிரிவில் பெற்ற ‘டோக்கியோ உயேனோ ஸ்டேஷன்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுகுஷிமா நாட்டுப்புறத்திலிருந்து வந்த கஸு என்ற தொழிலாளி, 1964-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்களுக்காகத் தலைநகரில் எழும்பிய கட்டடங்களில் கல்லும் மண்ணும் சுமக்கிறான். நாவல் எழுதப்பட்ட காலத்துச் சக்கரவர்த்தி பிறந்த ஆண்டிலேயே பிறந்தவன் அவன். அவன் மகனோ அக்காலத்துப் பட்டத்து இளவரசன் பிறந்த அதே நாளில் பிறந்தவன். ஊரிலிருக்கும் மனைவி மக்களுக்குப் பணம் அனுப்பி அனுப்பியே ஆயுள் கழிந்து, இறுதியில் உயேனோ பூங்காவில் கூடாரமே வீடாக வாழ்ந்து, இறந்த பின்னும் அமைதி பெறாத ஆவியாக நின்று அவன் தன் கதையைச் சொல்கிறான். நடவும் அறுப்பும் இயந்திரத்தின் கைக்குப் போய், ஆற்றில் தண்ணீர் பொய்த்த ஆண்டுகளில், திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்ப் பணம் அனுப்பிய மனிதர்கள் இல்லாத தெரு எங்கள் வட்டாரத்தில் ஏது? பெற்ற பிள்ளை தலைக்குமேல் வளர்ந்ததைப் பார்க்கக் கொடுத்துவைக்காத அந்தத் தகப்பனை நாங்கள் அறிவோம். இந்த நாவலுக்கு நன்னிலத்துத் தமிழில் ஒரு குரல் கிடைக்குமானால், பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் அது விளங்கும்.

நேரடி மொழிபெயர்ப்பு தமிழுக்கு அசாத்தியமான காரியம் அன்று. வங்க மொழியைக் கற்ற த.நா.குமாரஸ்வாமியும் மராட்டியைக் கற்ற கா.ஸ்ரீ.ஸ்ரீ.யும் மூலத்திலிருந்தே பெயர்த்ததனால்தான், தாராசங்கரும் காண்டேகரும் தமிழ் எழுத்தாளர்களே என்று எண்ணும் அளவுக்கு ஒரு தலைமுறை அவர்களைச் சொந்தம் கொண்டாடியது. ஜப்பானியரும் நம் விஷயத்தில் இந்தப் படியை ஏறிவிட்டார்கள். தமிழறியாத ஷுஸோ மத்ஸுநாகா திருக்குறளை ஆங்கிலத்தின் துணைகொண்டு 1981-இல் ஜப்பானிய மொழிக்குக் கொண்டுசென்றார். சங்கப் பாடல்களை ஆராய்ந்த தகாநோபு தகஹாஷி தமிழை முறையாகக் கற்று, 1999-இல் அதே குறளை மூலத்திலிருந்தே பெயர்த்தார். பதினெட்டே ஆண்டுகளில் அவர்கள் இடைத்தரகு இல்லாமல் நம்மிடம் வந்து சேர்ந்தார்கள்.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஜப்பானியத் தொழிற்சாலைகள் வந்தபின்பு, சென்னையில் ஜப்பானிய மொழி பயின்று, அதன் தகுதித் தேர்வை எழுதுகிற தமிழ் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். கூத்தனூர்ச் சரஸ்வதியின் காலடியில் பேனாவை வைத்து எடுத்துக்கொண்டு தேர்வுக்குப் போனவர்களாகவும் இருப்பார்கள். அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: உத்தியோகத்திற்காகக் கற்ற அந்த மொழியில், ஆண்டுக்கு ஒரு சிறுகதையையாவது மூலத்திலிருந்தே பெயர்த்துத் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அனுப்புங்கள், கொமே என்று வருகிற இடத்தில் அரிசி என்றும், கோஹான் என்று வருகிற இடத்தில் சோறு என்றும் எழுதுங்கள்.