இறுக்கிக் கட்டிய துண்டு

மாலை ஆறரை மணிக்குத் திருச்சி மன்னார்புரம் ரவுண்டானா பக்கம் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். முழங்கையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒருவர் வருவார். "அண்ணே, தலவலிக்கு மாத்திரை." "ஒண்ணா, ரெண்டா?" "நாலாக் குடுத்துருங்க." கடைக்காரர் அட்டையைக் கத்தரியால் நறுக்கி, சின்னக் காகிதக் கவரில் போட்டு நீட்டுவார். மாத்திரையின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் கடையில் மிஞ்சிய துண்டோடு தங்கிவிடும். நாளைக்கு டாக்டர் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், "வெள்ளையா, நீளமா இருக்கும் சார்" என்பதுதான் பதில்.

இந்த வட்டாரத்தில் தலைவலிக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் அலுவலகங்கள், காஜாமலைப் பக்கம் கல்லூரிகள், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், ஜங்ஷன் பக்கமிருந்தும் டி.வி.எஸ். டோல்கேட் பக்கமிருந்தும் வந்து முட்டிக்கொள்ளும் வண்டிகள். ராணுவ நிலம் கைக்கு வராமல் ஜங்ஷன் மேம்பாலம் பல வருஷம் பாதியில் தொங்கிய கதை வேறு. நான் சொல்ல வந்தது தலைவலியைவிட அந்த நாலு மாத்திரையைப் பற்றித்தான். அதற்கு முன் இது எந்தத் தலைவலி என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

எந்தத் தலைவலி இது?

டென்ஷன் தலைவலி வந்தவர்கள் அதைச் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். "ஈரத் துண்டை முறுக்கி நெற்றியைச் சுத்திக் கட்டினாப்புல இருக்கு", "மண்டைமேல செங்கல்லை வச்ச மாதிரி கனம்" என்பார்கள். வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். நெற்றியில், பொட்டில், பிடரியில் அழுத்தும். விண்விண் என்று தெறிக்காது. மாடிப்படி ஏறினால் அதிகமாகாது. பொதுவாகக் குமட்டலோ வாந்தியோ இருக்காது. அரை மணி நேரத்தில் விட்டாலும் விடும், ஒரு வாரம் இழுத்தாலும் இழுக்கும். ஆள் எரிச்சலோடு இருப்பார், ஆனால் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேன் அப்படி விடாது. பெரும்பாலும் ஒரு பக்கம் துடிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, ஆளை இருட்டறையில் படுக்க வைத்துவிடும். இரண்டும் ஒரே ஆளுக்கு வருவதும் உண்டு. கர்நாடகத்தில் 18 முதல் 65 வயது வரையுள்ளவர்களிடம் வீடுவீடாகச் சென்று எடுத்த கணக்கு ஒன்று 2015-இல் வெளிவந்தது. ஒரு வருஷத்தில் நூற்றுக்குச் சுமார் 35 பேருக்கு டென்ஷன் வகைத் தலைவலியும், 25 பேருக்கு மைக்ரேனும் இருந்தது தெரியவந்தது. தமிழ்நாட்டுத் தலைகள் மட்டும் வேறு மாதிரி இருக்க வாய்ப்பில்லை.

பெயரில் ஒரு குழப்பம்

'டென்ஷன்' என்ற சொல் தமிழில் மனசோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் டாக்டர் இந்தப் பெயரைச் சொன்னதும், "எனக்கு ஒரு டென்ஷனும் கிடையாதே, வலி நிஜமாத்தானே இருக்கு" என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. 1962-இல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று இதைத் தசை இறுக்கத் தலைவலி என்று வகைப்படுத்தியது. தசை இறுக்கம் ஒன்றே காரணம் என்று நிரூபிக்க முடியாமல் போகவே, 1988-இல் வந்த சர்வதேசப் பட்டியல் 'டென்ஷன் வகை' என்று பூசி மெழுகிவிட்டது. அந்த 'வகை' என்ற சொல்லுக்குள் மருத்துவர்களின் நேர்மையும் இருக்கிறது, கொஞ்சம் சங்கடமும் இருக்கிறது.

இன்றைக்குப் புரிந்த அளவில் நடப்பது இது: கழுத்து, தோள், பொட்டு, தாடை ஆகிய இடங்களில் உள்ள தசைகள் அழுத்தித் தொட்டால் நோகும்படி ஆகின்றன. அடிக்கடி வலி வரவர, வலியை அளக்கும் நரம்பு மண்டலமே கூச்சம் கண்டுவிடுகிறது. சாதாரணமாக உறைக்காத அழுத்தமும் அப்போது வலியாக உறைக்கிறது. மனக்கவலை இதைக் கிளப்பும். தூக்கக் குறைவும் பட்டினியும் குனிந்த கழுத்தும்கூடக் கிளப்பும். மனசுக்கும் தசைக்கும் நடுவே கோடு போட முடியாது.

நாள் முழுக்கக் கூடுகிற பாரம்

ஸ்ரீரங்கத்திலிருந்து பைக்கில் மன்னார்புரத்துக்கு வேலைக்கு வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் சாப்பிட நேரமில்லை, காபி மட்டும். காவிரிப் பாலம், மெயின்கார்டு கேட், பாலக்கரை என்று நெரிசலில் தோள்பட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே ஓட்டுகிறார். பிறகு ஒன்பது மணி நேரம் நாற்காலி. திரை தாழ்ந்திருக்கும், தலை முன்னால் நீண்டிருக்கும். பாட்டில் தண்ணீர் மதியம் வரை அப்படியே இருக்கும். நாலு மணிக்குப் பிடரியில் ஆரம்பிப்பது ஆறு மணிக்கு நெற்றிக்கு வந்துவிடுகிறது.

திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள். லேப்டாப் என்றால் அடியில் நாலு பழைய லெட்ஜர் போதும். முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து தோளைப் பின்னால் சுழற்றுங்கள், முகவாயை உள்ளே இழுத்துச் சில விநாடி பிடித்து விடுங்கள். தினமும் அரை மணி வேகநடை மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், நானும் சொல்லிவிட்டேன்.

ஹெல்மெட் விஷயம் மட்டும் தனி. நெற்றியில் கோடு விழும் அளவுக்கு இறுக்கமான ஹெல்மெட்டே வலியைக் கொடுக்கும். கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் வலி போய்விட்டால் குற்றவாளி அதுதான். அதற்காகப் பெட்ரோல் டேங்க்மேல் வைத்து ஓட்டாதீர்கள், அளவு பார்த்து மாற்றுங்கள். இழுத்துப் பின்னிய ஜடையும் அதில் ஏற்றிய பூப்பந்தும் இதே வேலையைச் செய்யும். கல்யாண வீட்டுத் தலைவலியில் பாதி அங்கிருந்து வருவது என்பது என் சந்தேகம்.

காபி இரண்டு பக்கமும் பேசும். தினமும் மூன்று நாலு டபரா குடிப்பவர் ஏகாதசி விரதம் என்று ஒரு நாள் நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலை பிடித்துக்கொள்ளும். குறைப்பதென்றால் நாளுக்கு அரை டபராவாகக் குறையுங்கள்.

நாலு மாத்திரையின் கணக்கு

எப்போதாவது வரும் வலிக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ போடலாம், அடுத்ததற்கு ஆறு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஒரு நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது; கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருப்பவர்களுக்கு அந்த வரம்பு இன்னும் கீழே. அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஐபுபுரோஃபென் பக்கம் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். மழைக்காலத்தில் காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலித்தால் அது டெங்குவாக இருக்கலாம். அப்போது ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் கூடவே கூடாது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தது, மூன்று நாளுக்கு ஒன்றாகி, பிறகு ஆபீசுக்குக் கிளம்பும் முன்பே 'வராமல் இருக்க' என்று ஒன்றாகிவிடும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை, அல்லது 10 நாளோ அதற்கு மேலோ காஃபீன் சேர்ந்த கூட்டு மாத்திரை என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். காலையில் எழும்போதே வலியோடு எழுவார்கள். போட்டால் விடும், அதன் வேகம் இறங்கியதும் திரும்ப வரும். "இந்த மாத்திரை இல்லேன்னா என்னால முடியாது" என்பார்கள், அது உண்மைதான். ஆனால் காரணமும் அதுவேதான். இதை அதிகமாத்திரைத் தலைவலி என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும். முதல் சில நாட்கள் வலி கூடும், பிறகு பலருக்கு இறங்கிவிடும்.

மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி இருப்பவர்களுக்கு அமிட்ரிப்டிலின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் இரவில் கொடுப்பார்கள். மனச்சோர்வுக்கென்று வந்த மருந்து அது. குறைந்த அளவில் வலி நரம்புகளின் கூச்சத்தைத் தணிக்கப் பயன்படுகிறது. வீட்டில் யாராவது இன்டர்நெட்டில் பெயரைத் தேடி, "இது மனநோய் மாத்திரையாமே" என்று சொல்ல, மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரியவே சில வாரம் ஆகும்.

தைலமும் பற்றும்

காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் இன்றும் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்றால் சும்மா இல்லை. நெற்றியில் தடவிய புதினா எண்ணெய் டென்ஷன் தலைவலியை பாராசிட்டமாலுக்கு இணையாகக் குறைத்தது என்று 1990-களில் ஜெர்மனியில் நடந்த ஒரு சிறு ஆய்வு கண்டது. தைலத்துக்கு மாத்திரைக் கணக்கு கிடையாது, அதுவே பெரிய லாபம். சுக்குப் பற்று தோல் எரியாதவர்களுக்குச் சுகம். கற்பூரம் கலந்த எதையும் கைக்குழந்தையின் மூக்கருகே கொண்டுபோகாதீர்கள்.

காத்திருக்கக் கூடாத தலைவலி

இடி விழுந்த மாதிரி ஒரே நிமிஷத்தில் உச்சத்துக்குப் போன வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இழுத்துக்கொள்வது, வாய் குழறுவது, பார்வை மங்குவது, அடிபட்ட பிறகு வந்த வலி, இருமினாலோ குனிந்தாலோ கூடுவது, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கியது, கர்ப்பிணிக்குப் பார்வை மங்கலோடு வந்த வலி. இவற்றில் எதுவானாலும் மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது புத்தூர் அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பிரஷர் சற்றுக் கூடியிருந்தால் தலை வலிக்கும் என்பது பொதுவாகச் சரியில்லை. மிக மிக உயர்ந்தால்தான் வலிக்கும். தலை வலிக்கவில்லை என்பதால் பிரஷர் இல்லை என்றும் சொல்ல முடியாது.

காலண்டரில் ஒரு வட்டம்

தினசரி காலண்டர் இதற்கு உதவாது, கிழித்த தாள் எங்காவது போய்விடும். நகைக்கடையோ ஜவுளிக்கடையோ கொடுத்த மாதக் காலண்டரைச் சமையலறைச் சுவரில் மாட்டுங்கள். வலித்த நாளில் வட்டம், மாத்திரை போட்ட நாளில் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. மாதவிடாய் நாளையும் தூங்காத இரவையும் குறித்தால் இன்னும் நல்லது. நறுக்காத முழு அட்டையாகவே வாங்கி, அதன் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் போகும்போது காலண்டர் தாளைக் கழற்றி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனால், அவர் முதலில் எண்ணுவது புள்ளிகளைத்தான்.